நான்காம் பக்கத்துப் படம்

பக்கம் நெரிசலாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. படிக்கிறவருக்கு மூச்சுவிட இடம் வேண்டுமல்லவா? விறகு பிளக்கும் இயந்திரம் செய்கிற எங்கள் கம்பெனியில் பதினான்கு வருடமாக விளம்பரக் கையேடு, செய்முறைப் புத்தகம் எல்லாம் தயாரிப்பவள் நான்தான். ஆறு பேர் இருந்த இடத்தில் இன்று அறுபது பேர் இருக்கிறார்கள். இதைத் தற்பெருமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், எங்கள் ஊர் செய்னாயோகியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இயந்திரத்தை வடிவமைத்தவர் என்சியோ ஹாபகோஸ்கி. நல்ல மனிதர், ஆனால் பிடிவாதக்காரர். இரண்டு கைப்பிடிகளையும் இரண்டு கையால் அழுத்திப் பிடித்தால்தான் வெட்டுமுனை நகரும். ஒன்றை விட்டாலும் தானாகப் பின்வாங்கிவிடும். யார் கையும் உள்ளே போகக் கூடாதென்று அவர் செய்த ஏற்பாடு அது. படத்துக்கு அது சரிப்படாது. இரண்டு கையும் மாட்டிக்கொண்டு நிற்கிறவன் கைதி மாதிரி இருப்பான். அதனால் படம் எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை ஒட்டுநாடா சுற்றிக் கட்டிவிடுவேன். ஒரு கையில் கட்டை, முகத்தில் சிரிப்பு. கையேட்டின் நான்காம் பக்கத்தில் இருந்த அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஜெர்மனிக்காரர்கள் இருநூறு இயந்திரம் கேட்டார்கள்.

ஆகஸ்டில் லாபுவா ஊர்ப் பக்கம் ஒரு விவசாயி படத்தில் இருந்தபடியே கைப்பிடியைக் கட்டியிருக்கிறான். வலது கை முழங்கை வரை போய்விட்டது. என்சியோ ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

“உன் படத்த கொட்டகைச் சுவத்துல ஒட்டி வச்சிருந்தானாம், துய்ரே. அதப் பாத்துதான் கட்டுனானாம்.”

பதினோராம் பக்கத்தில் எச்சரிக்கை இருக்கிறதே என்றேன்.

“அத எவன் படிக்கிறான்? அந்தப் படம் பொய்யின்னு வாங்குன எல்லாருக்கும் கடுதாசி எழுது. திங்கக்கிழமைக்குள்ள நீ எழுதலன்னா, நான் எழுதுவேன்.”

கடிதம் போனால் ஜெர்மனிக்காரர்கள் பின்வாங்குவார்கள், என் பெயர் நாறும். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒற்றைக்காலில் நின்றார்.

திங்கட்கிழமை காலை அவரைச் சோதனைக் கொட்டகைக்கு வரச் சொன்னேன். கடிதத்தில் சரியான முறையையும் தவறான முறையையும் படமாகவே காட்டிவிடலாம் என்றேன். மனுஷருக்கு அவ்வளவு சந்தோஷம். தவறைக் காட்ட ஒரு கைப்பிடியைக் கட்டினேன், மோட்டாரை ஓடவிட்டேன். மற்றக் கைப்பிடியைத் தொடாதவரை ஒன்றும் ஆகாதென்று அவருக்குத் தெரியும். குனிந்து, கையை உள்ளே நீட்டி, “இங்கதான் அவன் கை இருந்துச்சு, நல்லா எடு,” என்றார்.

மற்றதை அழுத்தினேன்.

முனை வேகமாக வராது. பதினோரு வினாடி ஆகும். முதலில் அவர் சட்டைக்கை மாட்டிக்கொண்டது, இழுக்க முடியவில்லை. எலும்பு முறிவது ஈரக் கட்டை பிளப்பது போலத்தான் கேட்டது. முனை கையைத் தாண்டி விலாவில் இறங்கியது. இயந்திரத்தில் இருந்த பிர்ச் மரக் கட்டையின் வெள்ளைப் பட்டையெல்லாம் ரத்தம். நான் தவறுதலாக அழுத்திவிட்டேன் என்றே நினைத்தார் போல. “கைய எடு, துய்ரே,” என்று முதலில் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு கத்தினார். நான் இரண்டாவது கைப்பிடியையும் நாடாவால் கட்டினேன்.

மணி ஒன்பது ஆகியிருந்தது. எங்கள் கம்பெனியில் ஒன்பது மணிக் காபியை யாரும் தவறவிடுவதில்லை, போகாவிட்டால் தேடுவார்கள். கொட்டகைக் கதவு கனமானது, சாத்தினால் சத்தம் வெளியே வராது. முதலாளியின் மனைவி ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தார். என்சியோ எங்கே என்று கேட்டார்கள். அளவு சரிபார்க்கிறார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார் என்றேன். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிவிட்டால் போதும், ஒருவரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

இரண்டு கோப்பை குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நாடாக்களைப் பிரித்தேன், முனை பின்வாங்கியது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நாடாவின் பசை இரண்டாவது கைப்பிடியிலும் இருந்தது என்கிறீர்கள். இருந்திருக்கும், நான் துடைக்கவில்லை.

அழுத்தியவள் நான்தான், கட்டியவளும் நான்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் கொலை என்று எழுதுகிறீர்களே, அது சரியில்லை. அவர் இறந்தபோது நான் அங்கே இல்லை. காபி குடித்துக்கொண்டிருந்தேன்.