இடது பின்கதவு

இல்ல தம்பி, மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்காதீங்க. கண்ணாடி மாதிரி மின்னும், தண்ணி பட்டா முத்து முத்தா உருண்டு ஓடும், அதெல்லாம் உங்க சுவர்ல இருக்கிற போஸ்டரே சொல்லுது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எங்க கார் பெயிண்டுக்கு இந்த செராமிக் கோட்டிங் போடறதுல பிரயோஜனம் இருக்கா, இல்லையா? நான் கான்வென்ட்ல பன்னண்டு வருஷம் குப்பை கொட்டினவ. கேள்விக்குப் பக்கத்துல ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம் இருக்கும். ஏதாவது ஒண்ணுல டிக் அடிக்கணும். ரெண்டுக்கும் நடுவுல கதை எழுதினா சிஸ்டர் ஸ்கேலைத் திருப்பி விரல் மொளியிலயே போடுவாங்க.

காபியா? வேணாம். அந்த மெஷின் மேல காபின்னு எழுதியிருக்கு, அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம் முன்னாடி ஒருத்தர் குடிச்சாரே, அவர் மூஞ்சியைப் பாத்தேன்.

சரி, நான் ஒவ்வொண்ணா கேக்கறேன், நீங்க பதில் மட்டும் சொல்லுங்க. கோட்டிங் போட்டா கீறல் விழாதா?

விழும். ஆனா? பாத்தீங்களா, ஆனா வந்துடுச்சு. துணியால தொடைக்கறப்ப விழற மயிர்க்கோடு மாதிரி கீறல் கொஞ்சம் கம்மியாகும், கல்லு பட்டா, கம்பி இழுத்தா, சைக்கிள் உரசினா ஒண்ணும் பண்ண முடியாது. அப்படித்தானே? அப்புறம் எதுக்கு ஒன்பது எச் கடினம்னு இவ்வளவு பெரிய எழுத்துல போட்டிருக்கீங்க? ஒன்பது எச்ங்கிறது பென்சில் கணக்கு தம்பி. டிராயிங் கிளாஸ்ல நாங்க வச்சிருந்த பென்சில்லயும் அதே எச்தான். என் கார் மேல பென்சில் எடுத்துட்டு வந்து யார் படம் வரையப் போறா?

சிரிங்க, சிரிங்க. கழுவாம விட்டுடலாமா? அதுவும் முடியாது. கழுவத்தான் வேணும், ஆனா அழுக்கு லேசா போயிடும். வெயில்ல நிக்கற வண்டின்னா நிறம் வெளுக்கறது மெதுவாகும். பறவை எச்சம் விழுந்தா, அது உள்ளே இறங்கறதுக்குள்ள தொடைக்க கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ம்... இது உருப்படியான பேச்சு. இதை மொதல்லயே சொல்லியிருந்தா நானும் வாயை மூடிட்டு உக்காந்திருப்பேன். போட்டதும் ஒரு வாரம் கழுவக் கூடாதா? பச்சை உடம்புக்காரி மாதிரி பொத்திப் பொத்தி வச்சுக்கணும்னு சொல்லுங்க.

ஆமா, சனிக்கிழமை பத்து மணிக்குப் பேர் குடுத்திருக்கிறவர் எங்க வீட்டுக்காரர்தான். போன்ல உங்ககிட்ட முக்கால் மணி நேரம் பேசினாரே, அவரேதான். லிஃப்ட் கம்பெனியில சர்வீஸ் மேனேஜர். உலகத்துல இருக்கிற லிஃப்டெல்லாம் அவர் சொன்னா ஏறும், சொன்னா இறங்கும். வீட்டுல அவர் சொல்லி ஏறி இறங்கறது நான் ஒருத்திதான்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கார். அடுத்த மாசம் அவரைத் தூரத்து கிளைக்கு மாத்தறாங்க. ரெண்டு வருஷம். அங்க கம்பெனி வண்டியே தர்றாங்க. இங்க இந்த வண்டியை என்ன பண்றது? அதுதான் எங்க வீட்டுல இப்ப நடக்கிற மாநாடு.

அவர் தீர்ப்பு சொல்லிட்டார். கோட்டிங் போட்டு, அது ஒரு வாரம் காஞ்சு முடிஞ்சதும் சாவியை என் கையில குடுப்பாராம். போடலைன்னா, நாலு டயரையும் தூக்கி ஸ்டாண்ட் மேல நிறுத்தி, கவரைப் போட்டு கயிறு கட்டி, அவர் திரும்பி வர்றவரைக்கும் அது ரெண்டு வருஷம் தூங்கணுமாம். வண்டி கவருக்குள்ள, நான் பஸ் ஸ்டாப்புல. ஏன்னு கேக்கறீங்களா? கோட்டிங் இல்லாத பெயிண்ட் என் கைக்குத் தாங்காதாம். ஒன்பது வருஷமா கம்பெனியில வந்த பெயிண்ட் அப்படியே இருக்காம், ஒரு பொட்டு கூட ரீ-பெயிண்ட் இல்லையாம். வீட்டுக்கு யாராவது வந்துடக் கூடாது, மின்சார மீட்டர் பாக்க வந்தவரைக்கூட விட மாட்டார். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் பேனட்டைத் தடவிக் காட்டுவார். நான் புள்ளை பெத்தப்ப அந்தப் புள்ளையைக்கூட இவ்வளவு பேருக்குக் காட்டல.

எனக்கு ஓட்டத் தெரியுமாவா? என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க. லைசென்ஸ் வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. தவறாம புதுப்பிச்சுட்டே வர்றேன். அதுல இருக்கிற போட்டோவுக்கு வயசாகுதே தவிர கைக்கு ஸ்டீயரிங் கிடைக்கல. மார்க்கெட்டுக்குப் போகணும்னா அவர் மூட் பாக்கணும். பல் டாக்டர்கிட்ட போகணும்னா அவர் மீட்டிங் முடியணும். என் பல்லு வலிக்கிற நேரமும் அவர் ஆபீஸ் விடற நேரமும் ஒரு நாளும் ஒத்துப் போனதில்ல. எனக்கு வண்டி மேல ஆசையெல்லாம் இல்ல, தம்பி. யார்கிட்டயும் கேக்காம கிளம்பணும். இந்த ரெண்டு வருஷம் எனக்கு வேணும். அவ்வளவுதான் விஷயம்.

டிரைவரா? எந்த டிரைவர்? இல்லையே, நான் தனியாத்தான் வந்தேன். வெளியில சாம்பல் கலர்ல நிக்குதே, நீங்க அப்பவே எட்டிப் பாத்தீங்களே, அதேதான். பறந்தா வரும்? நான்தான் ஓட்டிட்டு வந்தேன். அவர் வார நாள்ல ஆபீஸ் வேன்ல போயிடுவார். ரெண்டாவது சாவியை அலமாரியில சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கார். அந்த சாக்ஸைத் தோச்சு மடிச்சு வைக்கிறது யாருங்கிறது அவருக்கு இன்னும் தோணல. விவரமான ஆளு, ஆனா விவரம் அலமாரி வரைக்கும் வரல.

அட, இதுக்கு ஏன் எழுந்து நிக்கறீங்க? உக்காருங்க. இன்னும் நான் கேக்க வந்ததே கேக்கல.

உங்க நோட்டீஸ் ஒண்ணு பேப்பர்ல சொருகி வந்துச்சு. அவர் போட்டோவை மட்டும் பாத்துட்டு உங்களுக்கு போன் போட்டார். நான் அடி வரி வரைக்கும் படிச்சேன். நாலாவது பாயிண்ட்: கோட்டிங்குக்கு முன்னாடி வண்டி முழுக்க பெயிண்ட் கனம் மீட்டர் வச்சு அளந்து, அச்சடிச்ச ரிப்போர்ட் கையில தரப்படும். இது எதுக்கு? பேசாம மேல தடவிட்டு அனுப்ப வேண்டியதுதானே?

ஓஹோ. மொதல்ல பாலிஷ் போடணும். பாலிஷ் போட்டா மேல் பூச்சு கொஞ்சம் தேயும். எவ்வளவு இருக்குன்னு தெரியாம தேய்ச்சா அடியில தகரம் தெரிஞ்சுடும். பாலிஷ் போடாம கோட்டிங் அடிச்சா பழைய கீறல் எல்லாம் உள்ள மாட்டிக்கிட்டு இன்னும் பளிச்சுனு தெரியும். நியாயம்தான், ஒத்துக்கறேன். அளக்காம தொட மாட்டீங்க. ஓனர் பக்கத்துல நிப்பாரா? ஒவ்வொரு இடத்துக்கும் நம்பரை வாய்விட்டுப் படிப்பீங்க, அவர் முன்னாடியே. ரீ-பெயிண்ட் ஆன இடம்னா நம்பர் காட்டிக் குடுத்துடும், இல்ல?

அதுலதான் எனக்குச் சிக்கல்.

அப்படிப் பாக்காதீங்க. சொல்லிடறேன். இடது பின்கதவு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவர் ஒன்பது நாள் டூர் போனப்ப நடந்தது. சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்ல தூண் ஒண்ணு. தூண் நகராதுன்னு எனக்கும் தெரியும் தம்பி, நீங்க சொல்ல வேணாம். கைப்பிடிக்குக் கீழ ஒரு முழம் நீளத்துக்கு இழுத்துடுச்சு. உடனே உக்காந்து அழுதேன்னு நினைக்காதீங்க, அழறதுக்கு நேரம் இல்ல. ஒன்பது நாள்ல ரெண்டு நாள் போச்சு. ஒரு பெயிண்டரைத் தேடிப் பிடிச்சேன். ஒத்தை ஆள் ஷெட். மனுஷன் நிறம் கலந்தார் பாருங்க, வெயில்ல வச்சு, நிழல்ல வச்சு, மறுபடியும் வெயில்ல வச்சு. நாலு நாள்ல முடிச்சுக் குடுத்தார். டூர் முடிஞ்சு வந்தவர் வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தார். நான் வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன். அன்னிக்கு சாம்பாருக்கு வேணுங்கிறதைவிட நாலு மடங்கு நறுக்கித் தள்ளிட்டேன். ஒண்ணும் கண்டுபிடிக்கல. அன்னிலேருந்து இன்னி வரைக்கும் அந்தக் கதவையும் சேத்துத்தான் கம்பெனி பெயிண்டுன்னு ஊருக்கெல்லாம் தடவிக் காட்டறார். முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்க முடியாதுன்னு யார் சொன்னது? நான் ஆறு வருஷம் மறைச்சிருக்கேன்.

சனிக்கிழமை உங்க மீட்டர் அதை வெளியே எடுத்துச்சுன்னா கதை முடிஞ்சது. வண்டிக்குக் கவர், எனக்கு பஸ்.

அதனால ஒரு சின்ன உதவி. அந்த ஒரு கதவை மட்டும் விட்டுடுங்களேன். கை தவறின மாதிரி... முடியாதா? ரிப்போர்ட்ல கார் படம் இருக்கும், ஒவ்வொரு கதவுக்கும் நேர நம்பர் வரும், ஒண்ணு காலியா இருந்தா அவரே கேப்பார். ம். பக்கத்துக் கதவு நம்பரையே இதுக்கும் போட்டுட்டா? அதெல்லாம் பண்ண மாட்டீங்க. சரி விடுங்க. கோபப்படாதீங்க, கேட்டுப் பாத்தேன். நீங்க சரின்னு தலையாட்டியிருந்தா உங்க கோட்டிங்கையும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்ப இன்னொரு வழி. நீங்களே போன் பண்ணி, சார், உங்க வண்டிக்கு இது தேவையில்ல, வீண் வேலைன்னு சொல்லிடுங்க. கோட்டிங்கே பிரயோஜனம் இல்லைன்னு ஆயிட்டா, அந்த நிபந்தனையே போயிடும். அப்புறம் சாவி விஷயத்தை நான் வேற விதமா பேசிக்கறேன்... அதுவும் பொய்யா? வெயில்லயே நிக்கற வண்டி, அதுக்கு நல்லதுதான், இல்லைன்னு எப்படிச் சொல்றதுன்னு கேக்கறீங்க. அப்பா, உங்களை எங்க கான்வென்ட்ல சேத்திருக்கணும். சிஸ்டருக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கும். எனக்குத்தான் பிடிக்கல.

சரி, எழுந்திருங்க. மீட்டர் இருக்கா கையில? இப்பவே வெளியில வாங்க. நான் மாட்டினா எவ்வளவு மாட்டுவேன்னாவது தெரிஞ்சுக்கறேன். ரிப்போர்ட்டெல்லாம் வேணாம், வாயால சொன்னா போதும்.

வைங்க. பேனட் எவ்வளவு? நூத்திப் பதினஞ்சு மைக்ரான். அதுதான் கம்பெனி அளவா? நல்லது. முன்கதவு? நூத்திப் பத்து. சரி. இப்ப நம்ம கதவு. கைப்பிடிக்குக் கீழ வைங்க. இருநூத்தி எம்பது. ஆமா, அது என் தூண். நிஜமாவே நல்லா வேலை பாத்திருக்கார் மனுஷன்.

அதே கதவுல இன்னும் கொஞ்சம் பின்னாடி வைங்களேன். அங்க இல்ல. கீழ, பின் டயருக்குப் பக்கத்துல, அந்த வளைவுகிட்ட. ஆமா, அங்கதான். எவ்வளவு?

அறுநூத்தி நாப்பதா?

ஏன் மீட்டரைத் தட்டறீங்க? அது ஒழுங்காத்தான் இருக்கும். இன்னொரு தடவை வச்சுப் பாருங்க. அதேதான், இல்ல? அடியில பள்ளத்தை அடைக்கிற பட்டி இருக்கா? ஒரு தடவை அடிச்ச பெயிண்டுக்கு இவ்வளவு கனம் வராதா? இந்தக் கதவுல ரெண்டு தடவை வேலை நடந்திருக்குன்னு தோணுதா? தோணுதுன்னு சொல்லாதீங்க தம்பி, நிச்சயமான்னு சொல்லுங்க. நிச்சயம். இந்த இடத்துக்குத் தனி நம்பர் பேப்பர்ல அச்சாகுமா? ஆகும்.

அப்பாடா.

ஐயோ, இல்ல தம்பி. ரெண்டு தடவையும் நான் இல்ல. அதுல ஒண்ணுதான் என்னுது.

அந்தப் பெயிண்டர் கதவு முழுக்க உப்புத்தாள் போட்டு தேய்க்கறப்பவே கூப்பிட்டு, கீழ அந்த வளைவைக் காட்டினார். வெட்டின மரத்துல வளையம் தெரியுமே, அது மாதிரி. சாம்பல், அதுக்குள்ள பட்டி, அதுக்குள்ள மறுபடியும் சாம்பல். மேடம், எனக்கு முன்னாடியே இதுல யாரோ கை வச்சிருக்காங்கன்னார். ஷோரூம்லேருந்து புதுசா எடுத்த வண்டி. அன்னி வரைக்கும் அதைத் தொட்ட ஒரே ஆள் எங்க வீட்டுக்காரர். நான் போய் எப்படிக் கேப்பேன்? உனக்கு எப்படித் தெரியும்னு திருப்பிக் கேப்பாரே. அந்தப் பெயிண்டரும் ஷெட்டைக் காலி பண்ணிட்டு எங்கயோ போயிட்டார். அவர் வாய்ச்சொல்லைத் தவிர என்கிட்ட ஆதாரம்னு ஒண்ணும் இல்ல. உங்க மெஷின் என்னுதை மட்டும் காட்டுச்சுன்னா மாட்டறது நான் ஒருத்தி. ரெண்டும் காட்டுமான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். அதுக்குத்தான் முக்கால் மணி நேரமா பிரயோஜனமா, பிரயோஜனமான்னு உங்க உசுரை வாங்கினேன்.

இப்ப நானே டிக் அடிச்சுடறேன். பிரயோஜனம் இருக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரும் வர்றோம். நீங்க என்னை இதுக்கு முன்னாடி பாத்ததில்ல. அந்தக் கதவுகிட்ட வர்றப்ப மட்டும் அவசரப்படாதீங்க. மொதல்ல கைப்பிடிக்கிட்ட இருக்கிற நம்பர், அப்புறம் கீழ இருக்கிறது. நிதானமா, கணீர்னு படிங்க. அவர் என்னைப் பாப்பார். நான் அவரைப் பாப்பேன். வாயைத் திறந்தா யாருக்கு நஷ்டம்னு அவருக்குக் கணக்குப் போடத் தெரியும்.

அந்த வாளியைக் கொஞ்சம் தள்ளி வைங்க தம்பி, நான் ரிவர்ஸ் எடுக்கணும்.