புறாக்களை விற்று வாங்கிய சைக்கிள்

— அதுல கால வைக்காதடா, அது மூஞ்சி கழுவற வாளி. இந்த வீட்டம்மா கார் ஷெட்டைத் திறந்துவிட்டு ரெண்டு வாளி வெந்நீர் வெச்சதே பெரிய விஷயம். கால் கழுவ அந்தப் பக்கம் இருக்கு பாரு.

— முப்பத்தொண்ணாவதா வந்திருக்கேன்ப்பா.

— நான் சொல்றேன் கேளு. மாதா கெபி தாண்டினதும் சோளக்காட்டுல இருந்து ஒரு பக்கக் காத்து வருதில்ல? உன் சக்கரம் விளிம்பு உயரமான சக்கரம். காத்து அதைப் புடிச்சுத் தள்ளுது. விளிம்பு தாழ்வான சக்கரம் போட்டிருந்தா…

— கடைசிவரைக்கும் ஓட்டினதே முப்பத்தஞ்சு பேருதான். அதுல முப்பத்தொண்ணாவது. எனக்குப் பின்னாடி வந்த நாலு பேர்ல ரெண்டு பேரு கீழ விழுந்து எழுந்து வந்தவங்க.

— டயர்லயும் காத்து ஜாஸ்தி. கல்லு ரோட்டுல எகிறுது. தப்பு என்மேலதான், காலையிலயே அமுக்கிப் பாத்திருக்கணும்.

— விடுங்கப்பா.

— எப்படிடா விடறது? அந்த டீம் மேனேஜர் கோட்டுப் போட்டுக்கிட்டு உருளைக்கிழங்கு வறுவல் கடை பக்கத்துல நின்னாரு, பாத்தியா? பத்துக்குள்ள வந்தா அடுத்த வருஷம் உங்க லீவனுக்கு டீம்ல எடம்னு என் கையப் புடிச்சுச் சொன்னவரு.

— பாத்தேன். கடைசிச் சுத்துக்கு முன்னாடியே கார்ல ஏறிட்டாரு.

— மழை வர்ற மாதிரி இருந்தது, அதான் கெளம்பியிருப்பாரு. நான் போன் பண்றேன். சக்கரம் சரியில்லேன்னு சொன்னா புரிஞ்சுக்குவாரு. அவரும் ஓட்டினவர்தானே?

— அப்பா, மார்ச் மாசம் நீங்க என்ன சொன்னீங்க? பழைய சைக்கிள் கனம், அது முதுகுல மூட்டை ஏத்தின மாதிரி, கார்பன் சைக்கிள் வந்தா பாருன்னீங்க. அதுக்காக நாப்பத்திரண்டு பந்தயப் புறாவ வித்தீங்க. பார்சிலோனாவுல அவிழ்த்துவிட்டா மறுநாளே நம்ம கூரையில வந்து உக்காந்த நீலக்காரியை, தைவான்காரர் ஒருத்தர் அட்டைப்பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போனாரு. நீங்க சமையக்கட்டுல போய் நின்னுக்கிட்டீங்க.

— புறாதானே. பொறந்து சாகற ஜீவன்.

— நாலு நாள் நீங்க சாப்பிடல.

— பல்வலி.

— சரி, பல்வலி.

— இன்னும் அந்தக் கெழவன் புறா ஒண்ணு இருக்கு. அதோட வம்சத்துக்கே தனி மவுசு. அதைக் கொடுத்தா தாழ்வான சக்கரம் ஒரு ஜோடி…

— அதைத் தொட்டீங்க, நான் இந்த வாளியிலயே மூஞ்சிய முக்கிக்கிட்டுச் சாவேன்.

— ஆகீல் அண்ணே! உள்ள வரலாமா? எல்லாரும் துணியோட இருக்கீங்களா?

— வாடா ஃபிர்மின், வா. ஜெயிச்ச மகராசன் வந்துட்டான். ரொட்டிக் கடையை யாரு பாத்துக்கறா?

— என் பொண்டாட்டி பாக்கறா. அண்ணே, இந்தப் பூங்கொத்தை எங்கயாச்சும் வைங்க. வீட்டுக்குக் கொண்டுபோனா அவ தும்மியே செத்துருவா. நாப்பத்திமூணு வயசுல மேடையேத்தி முத்தம் வேற கொடுத்தாங்கன்னு தெரிஞ்சா, தும்மறதுக்கு முன்னாடியே என்னைக் கொன்னுருவா!

— வாழ்த்துக்கள், ஃபிர்மின்.

— லீவன் தம்பி, எல்லாம் உன் பழைய குதிரை, அந்தக் கனமான சைக்கிள்! ஏப்ரல்ல உங்கப்பா கொடுத்தப்பவே நெனச்சேன், இது ஓடும்னு. வாரத்துக்கு ரெண்டு திராட்சை ரொட்டின்னு பேரம் பேசினாரு, ஞாபகமிருக்கா? மூணாவது சுத்துல பின் பிரேக் சக்கரத்தோட உரச ஆரம்பிச்சுடுச்சு. எறங்கிச் சரி பண்ண எங்க நேரம்? அழட்டும் சனியன்னு கடைசிவரைக்கும் உரசிக்கிட்டே வந்தேன்.

— பிரேக்கு உரசிக்கிட்டா?

— ஆமா தம்பி, கறிக்கடைக் கத்தி மாதிரி சத்தம். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு மாவு பிசையறவனுக்கு இதெல்லாம் ஒரு பாரமா?

— நீ எவன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு வந்தே, அதைச் சொல்லு.

— உங்க மகன் முதுகுதான் அண்ணே, பொய் சொல்லுவானேன்? அந்தப் பளபளப்புக்குப் பின்னாடி காத்தடிக்காம சொகுசா இருந்தது. எட்டாவது சுத்துல திடீர்னு அந்த முதுகைக் காணோம். தம்பி, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதே. ஒரு பெடல்ல இருந்தே, மறு பெடல்ல இல்லே. என்ன ஆச்சு?

— கால் காலி. தண்ணிக் குழாய மூடின மாதிரி நின்னுபோச்சு. எப்பவும் இப்படித்தான்.

— வெள்ளிக்கிழமை எவ்வளவு ஓட்டினே?

— இருநூறு.

— இருநூறு கிலோமீட்டரா? ஞாயித்துக்கிழமை ரேஸை வெச்சுக்கிட்டா?

— ஏய், நீ ரொட்டி சுடறதைப் பாரு. இவனை எட்டு வயசுல இருந்து பழக்கறது நான். நானும் ஓட்டினவன்தான்.

— கோவிச்சுக்காதீங்க அண்ணே. பீர் ஊத்திவெச்சிருக்காங்க, நுரை அடங்கறதுக்குள்ள போறேன். தம்பி, நீயும் வா. முப்பத்தொண்ணாவது வந்தவனுக்கும் பீர் அதே பீர்தான்.

— அப்புறம் வரேன், ஃபிர்மின். நீங்க போங்க.

— திமிரைப் பாத்தியா? ஒரு ரேஸ் ஜெயிச்சுட்டான், கேள்வி கேக்கறான்.

— அவரு திமிரா எதுவும் கேக்கலியே.

— அவன் கெடக்கான். நான் சொல்றேன் கேளு, அடுத்த ஞாயிறு இன்னொரு திருவிழா ரேஸ் இருக்கு. ரோடு பூரா தார்தான், கல்லே கிடையாது. இந்தச் சைக்கிளுக்குன்னே போட்ட மாதிரி…

— அடுத்த ஞாயிறு நான் தூங்குவேன். திங்கக்கிழமை செங்கல் ஃபாக்டரியில சேரப்போறேன். பேசிட்டேன்.

— யாரைக் கேட்டுப் பேசினே?

— இருபத்தாறு வயசாச்சுப்பா. உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? வருத்தமாவே இல்ல. அந்தக் கல்லு ரோட்டுல ஒவ்வொருத்தனா என்னைத் தாண்டிப் போறப்ப சிரிப்பு வந்தது. பத்து வருஷமா சைக்கிள் சரியில்ல, சைக்கிள் சரியில்லேன்னேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான். இப்ப கூடத்தையே இடிச்சுப் புதுசாக் கட்டிக் கொடுத்துட்டீங்க. இனிமே என்னத்தைச் சொல்றது? என்கிட்ட அது இல்லே. பொறக்கறப்பவே இல்லே. தெரிஞ்சதுல ஒரு நிம்மதி.

— அப்படிச் சொல்லாதே.

— வேற எப்படிச் சொல்றது? என் சைக்கிள்லயே ஒரு ரொட்டிக்காரர், பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே ஜெயிச்சுட்டாரு!

— உன்கிட்ட இருக்குடா.

— இல்லப்பா.

— இருக்குன்னா இருக்கு!

— கத்தாதீங்க, வீட்டம்மா காதுல விழும். நீங்க பாசத்துல பேசறீங்க. பதினாறு வயசுல கெண்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, மூஞ்சில கொழாய மாட்டி ஓட்டவெச்சு மூச்சை அளந்து பாத்தாங்களே, அன்னிக்கே அந்த டாக்டர்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பையனுக்கு நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுங்கன்னு கடுதாசி போட்டது ஒரு மரியாதைக்கு. முடியாதுங்கறதை நாசூக்கா எழுதுவாங்க. நீங்க அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டீங்க. நானும் நம்பினேன். உங்கமேல தப்பே இல்லப்பா.

— அந்தத் துண்டைக் கொடு.

— என்னப்பா? எங்க பாக்கறீங்க? இந்தாங்க, துண்டு.

— சைக்கிளைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லடா.

— எதுல?

— அந்தக் கடுதாசியில. அதுல சைக்கிள்ங்கற வார்த்தையே கெடையாது.

— நீங்கதானே வாசல்ல வெச்சு வாசிச்சீங்க? நான் பக்கத்துல நின்னேனே?

— எழுதாததை வாசிச்சேன்.

— அப்ப என்னதான் எழுதியிருந்தாங்க? சொல்லுங்க. இப்ப கேட்டா எனக்கு ஒண்ணும் ஆயிடாது. லாயக்கில்லைன்னுதானே?

— இப்படி ஒரு நெஞ்சு பத்து வருஷத்துல ஒருத்தனுக்குத்தான் பாத்திருக்கோம்னு எழுதியிருந்தாங்க. விளையாட்டுப் பள்ளிக்கூடத்துல எடம் ஒதுக்கியாச்சு, செப்டம்பர்லயே அனுப்பிவைங்கன்னு.

— என்னையா?

— உன்னைத்தான்.

— அப்புறம் ஏன்பா… ஏன் அனுப்பல? அம்மா இல்லாத வீட்டுல நீங்க தனியா இருக்கணுமேன்னா?

— அப்படி நானும் நெனச்சுப் பாத்தேன். அது இல்லே. கீழ இன்னும் ரெண்டு வரி இருந்தது. இப்ப பையனைப் பழக்கறவர்கிட்ட இருந்து உடனே பிரிச்சுடுங்க. அளவில்லாம ஓட்டவெச்சு ஒடம்பைக் கெடுக்கறாரு, இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே போனா ஒண்ணும் மிஞ்சாதுன்னு.

— என்னைப் பழக்கினது நீங்கதானேப்பா?

— ஆமா. அதான் சைக்கிள்னு வாசிச்சேன்.