லேமினேஷன் சுருங்கிய காரணம்

உங்கள் அறைக் கதவில் ஒட்டியிருக்கும் பெயர் ஸ்டிக்கர் ஓரத்தில் சுருண்டிருக்கிறது, சார். குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டது. ஒட்டியவன் மை காயும்வரை பொறுக்கவில்லை, ஈரத்தின் மேலேயே லேமினேஷனைப் போட்டுவிட்டான். அவனுக்கும் அவசரம், உங்களுக்கும் அவசரம்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அச்சடித்த வினைலை, அதாவது ஸ்டிக்கர் தாளை, ஒரு நாளாவது விரித்து ஆறப்போட வேண்டும். வினைல் என்ன ரகமோ, மேலே போடும் லேமினேஷன் உறையும் அதே ரகமாக இருக்க வேண்டும். முக்கியமாக, உருளையில் ஏற்றும்போது அந்த உறையை இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் அன்றைக்குப் பளபளவென்றுதான் இருக்கும். பிறகு அது மெல்ல மெல்லத் தன் பழைய அளவுக்குத் திரும்பும். திரும்பும்போது அடியில் இருக்கும் வினைலையும் ஓரத்திலிருந்து கிளப்பிவிடும். என் ஸ்டிக்கர் கடையிலிருந்து போன எதுவும் அப்படிச் சுருண்டதில்லை, ஒரே ஒரு ஜோடியைத் தவிர.

என் தங்கை கணவர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் எலக்ட்ரீஷியன். தங்கமான மனிதர். கடைக்கு வந்தால், நான் ஆறப்போட்டிருக்கும் வினைல்மேல்தான் டீ டம்ளரை வைப்பார். "எதுக்கு மச்சான் இவ்ளோ பில்டப்பு? ஸ்டிக்கர்தானே. பின்னாடி பேப்பரை உரிச்சா ஒட்டிக்கப்போவுது" என்பார். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "மச்சான் பேப்பர் ஒட்டுறாரு" என்று என்னை அறிமுகம் செய்துவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். சபை நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே, நானும் சிரித்துவைத்தேன்.

கிடங்கில் மின்பெட்டியைப் புதிதாக மாற்றினார்கள். அதில் ஒரே மாதிரி இரண்டு ஸ்விட்ச். ஒன்று பழைய மோட்டாருக்கு, மற்றது புது மோட்டாருக்கு. எது எதற்கு என்று தெரிய மேலே ஒட்டும் ஸ்டிக்கரை விட்டால் வேறு அடையாளம் கிடையாது. மாப்பிள்ளை என்னிடமே வந்தார்.

"உடனே வேணும் மச்சான். காய வைக்கணும், கீய வைக்கணும்னு ஆரம்பிச்சுடாதீங்க."

"சரி மாப்பிள்ளை" என்றேன். வீட்டு மாப்பிள்ளையின் பேச்சைத் தட்ட முடியுமா? மை ஈரமாக இருக்கும்போதே, ரகம் பொருந்தாத மலிவு லேமினேஷனை எடுத்து, உருளையை இறுக்கி, நன்றாக இழுத்துப் போட்டேன். ஒரு வேலையைக் கெடுப்பதற்கு அவ்வளவு கவனம் தேவைப்படும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சில வாரங்களில் இரண்டும் சுருண்டு விழுந்தன. வேறு பலகை மாட்டுவதற்காகக் கிடங்குக்குப் போனவன், பெட்டிக்குக் கீழே கிடந்தவற்றை எடுத்துப் பசை தடவித் திரும்ப ஒட்டினேன். பழையதன் இடத்தில் புதியதை, புதியதன் இடத்தில் பழையதை.

மின்சாரம் இருக்கிறதா என்று அவர் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிடுவாரோ என்பது ஒன்றுதான் கவலை. பார்க்கவில்லை. காலமெல்லாம் ஸ்டிக்கரை இளக்காரம் செய்தவர், பழைய மோட்டார் பழுதான அன்றைக்கு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். 'பழைய மோட்டார்' என்று ஒட்டியிருந்த ஸ்விட்சை அணைத்தார். போய்ப் பழைய மோட்டாரில் கை வைத்தார். என் தொழிலுக்கு அவர் கொடுத்த முதல் மரியாதை அதுதான்.

விசாரணையில் என்ன சொன்னீர்கள்? விழுந்து கிடந்ததை விவரம் தெரியாத யாரோ மாற்றி ஒட்டிவிட்டார்கள், விழுந்ததற்குக் காரணம் ஸ்டிக்கர் செய்தவரின் கவனக்குறைவு. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். கோர்ட்டில் அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். அப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

நேற்று தங்கை கடைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்க மேல எனக்குக் கோவமே இல்லண்ணா. இந்த லேமினேஷன் சுருங்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாமத்தானே நடந்துச்சு."

எனக்குத் தெரியாதாம். பக்கத்துக் கடைக்காரர்கள் வேறு நின்று தலையாட்டினார்கள். அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது, வாய் வரவில்லை. அதனால்தான் நேராக உங்களிடம் வந்தேன்.

கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். யாராவது ஒருவர் மட்டும் என் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும், சார். அவள் அண்ணனுக்குத் தொழில் தெரியும் என்று சொல்ல வேண்டும்.