மாடி ஒயரில் மாட்டிய வளையம்

தட்டை டி.வி.யை எல்லாரும் உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள் சார். உட்கார்ந்தால் கண் எந்த மட்டத்தில் இருக்கிறதோ, அந்த மட்டத்தில் மாட்ட வேண்டும். இந்த ஸ்டேஷனில் மாட்டியிருப்பதும் உயரம்தான். ஏட்டையா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே செய்தி பார்க்கிறார். யாரையாவது விட்டு ஓர் அடி இறக்கச் சொல்லுங்கள்.

என் பெயர் கோதண்டராமன். செஞ்சி கடைத்தெருவில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்பது என் தங்கை ஜெயசுதாவைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். ஆனால் என் வேலையைச் சொல்லாமல் அதைச் சொன்னால் மொட்டைத் தாத்தா குட்டையில் விழுந்த கதையாகிவிடும்.

பழைய டப்பா டி.வி.க்குள் கையை விட்டுத் துழாவலாம். இப்போதைய பேனல் அப்படியில்லை. மெல்லிய கண்ணாடி, அதன் விளிம்பில் முடி மாதிரி ஒயர்கள். பிரித்தால் போச்சு. எங்கோ ஓரிடத்தில் கரண்ட் போகக்கூடாத வழியில் போகும், படம் கோடு கோடாகிவிடும். அந்த இடத்தைப் பிரிக்காமல் கண்டுபிடிக்க வேண்டும். கரண்ட் ஓடுகிற இடத்தைச் சுற்றிக் காந்தம் இருக்கும். பேனா மாதிரி ஒரு சென்சார் இருக்கிறது, அது அந்தக் காந்தத்தை உணரும். பேனலுக்கு மேலே தொடாமல் நகர்த்திக்கொண்டு போனால், அடியில் ஓடுகிற கரண்டுக்குத் தக்கபடி செல்போனில் ஒரு கோடு ஏறி இறங்கும். உள்ளே இருப்பதைத் தொந்தரவு செய்யாமல் உள்ளே நடப்பது தெரிந்துவிடும். அதனால்தான் எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

சுதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். தை மாசியில் கமிட்டி மண்டிக்கு நெல் வண்டிகள் வர ஆரம்பித்தால் ஊரெல்லாம் தூசி, அவளுக்கு மூச்சு இழுக்கும். நைனா சீக்கிரம் போய்விட்டார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான்தான். அவள் விடுகிற ஒவ்வொரு மூச்சிலும் எனக்குப் பங்கு உண்டு என்று நினைத்திருந்தேன். அதில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் தோன்றவில்லை.

ராபர்ட் அவலூர்பேட்டையில் ஒரு விதைக் கடையில் வேலை பார்க்கிறான். வேதக்காரப் பையன். அவன் வீட்டு டி.வி.யைக்கூட நான் ரிப்பேர் செய்து கொடுத்திருக்கிறேன். எனக்கு அவன்மேல் வெறுப்பு கிடையாது. இரண்டு பேரும் பதிவுத் திருமணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள் என்று தெரிந்தபோதும் நான் கத்தவில்லை. ஓர் அடி அடிக்கவில்லை. அம்மாவைக் கேளுங்கள். நல்ல இடம் பார்த்து முடிக்கிறவரைக்கும் மாடி ரூமில் இருக்கட்டும் என்றேன், அவ்வளவுதான்.

ரூமில் ஒரு குறையும் வைக்கவில்லை. மெத்தை, மின்விசிறி, பக்கத்திலேயே பாத்ரூம். டி.வி.யைச் சரியான மட்டத்தில் நானே மாட்டினேன். தூசி வரக்கூடாது என்று ஜன்னலை ஸ்க்ரூ போட்டு மூடினேன். கண்ணாடி வழியாக ராஜகிரிக் கோட்டை தெரியும். செல்லை மட்டும் வாங்கிக்கொண்டேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

மாடிக்குப் போகிற ஒயரில் ஒரு வளையம் மாட்டினேன். பேனலில் செய்கிற அதே காந்த வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில். கடையில் உட்கார்ந்தபடி செல்லில் பார்ப்பேன். மின்விசிறி ஓடினால் கோடு ஓர் உயரம், டி.வி. ஓடினால் வேறு உயரம். படத்தில் வெளிச்சமான காட்சி வந்தால் கோடு ஏறும், இருட்டுக் காட்சி வந்தால் தணியும். அதை வைத்தே அவள் சீரியல் பார்க்கிறாளா, பாட்டு பார்க்கிறாளா என்று சொல்லிவிடுவேன். சாயங்காலம் போய், "மத்தியானம் பாட்டு பாத்துனு இருந்தியே, தலவலி போச்சா?" என்று கேட்பேன். முதலில் வெலவெலத்துப் போனாள். பிறகு டி.வி. போடுவதையே குறைத்துக்கொண்டாள்.

அவளிடம் செல் இல்லாததால் ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். "எதுனா அவசரம்னா லைட்ட மூணு வாட்டி போட்டு அணை சுதா. எங்க இருந்தாலும் ஓடியாந்துடுவேன்." ஆரம்பத்தில் அடிக்கடி போட்டு அணைத்தாள். விழுந்தடித்துக்கொண்டு போனால், "கதவ தொற அண்ணா, அடைஞ்சி கெடக்க முடியல" என்பாள். மூச்சைக் கவனித்துக் கேட்பேன், சீராகத்தான் இருக்கும். "கோட்டை இருக்குற ஊர்ல பொறந்துட்டு ஒரு ரூமுக்கு அழுவுறியே" என்று கிண்டல் செய்வேன். முன்பெல்லாம் என் கிண்டலுக்குச் சிரிப்பாள்.

மருந்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்ஹேலர் என்பது பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் ஓடக்கூடிய சாமான். மருந்தை ஆவியாக்கித் தருகிற நெபுலைசர் மெஷினுக்குச் சுவரில் பிளக் வேண்டும். அதனால் இன்ஹேலரை எடுத்துவிட்டு நல்ல மெஷினாக வாங்கிக் கொடுத்தேன். அதில் ஊற்றுகிற மருந்துக் குப்பியைத் தினமும் காலையில் என் கையால் தருவேன். மருந்து வேண்டும் என்றால் வீடு வேண்டும் அல்லவா. அந்த எண்ணம்தான்.

தை அமாவாசையன்று அம்மா மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ் ஏறினாள். தெருவில் பாதிப் பேர் அங்கேதான். போகும்போது, "அவளயும் இட்டுனு போறேன்டா. அங்காளம்மா முன்னாடி கொஞ்ச நேரம் நிக்கட்டும்" என்றாள். "கூட்டத்துல அவளுக்கு மூச்சு வாங்கும்மா" என்றேன். முந்தின நாள் சுதா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டிருந்தாள். அதனால் அன்று காலையில் குப்பியைத் தரவில்லை. சாயங்காலம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தண்டனை என்று எழுதாதீர்கள் சார். ஒரு பழக்கம் வரட்டும் என்றுதான். குப்பி என் சட்டைப்பையில் இருந்தது.

மத்தியானம் ராபர்ட் கடைக்கு வந்தான். நான் ஒரு பேனலைப் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சண்டைக்கு வரவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணா, சுதாவ ஒருவாட்டி பாத்துட்டுப் போயிடறேன். பேசக்கூட வேணாம்."

"உக்காரு ராபர்ட்டு. டீ சொல்லட்டுமா?"

"வேணாண்ணா. இந்த வருசம் நெல்லு தூசி ஜாஸ்தியா இருக்குது. மருந்து இருக்குதாண்ணா அவளுக்கு?"

"இருக்குது" என்றேன். இருக்கத்தான் செய்தது.

அவன் புது இன்ஹேலர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். "இத மட்டுமாவது குடுத்துடுண்ணா." என் டிராயரில் நீங்கள் எடுத்தது அதுதான்.

அப்போது செல்லில் கோடு ஏறியது. அந்த உயரம் எனக்குத் தெரியும். நெபுலைசர். மருந்து தீர்ந்ததும் அவள் அணைத்துவிடுவாள், கோடு இறங்கிவிடும். அன்று இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதன்மேல் சின்னதாக மூன்று குதிப்பு. ஓர் இடைவெளி. மறுபடியும் மூன்று.

ராபர்ட் எட்டிப் பார்த்தான். "இன்னாண்ணா அது, குதிக்குது?"

"இந்த டி.வி.தான். பேனல்ல கரண்ட் ஒழுங்கா நிக்க மாட்டேங்குது."

சென்சார் பேனாவை எடுத்துப் பேனல்மேல் நகர்த்தினேன். அவன் நம்பி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னோடு சேர்ந்து பார்த்தான். நான் எழுந்தால் அவனும் எழுவான். பைக் வைத்திருக்கிறான், எனக்கு முன்னால் வாசலில் நிற்பான். கதவைத் திறந்தால் அவள் அவனைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு அவளை எந்த ரூமில் வைக்க முடியும், சொல்லுங்கள்.

அவள் பொய்யாகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். மருந்து என் சட்டைப்பையில் இருக்கிறது, மெஷின் காலியாக ஓடுகிறது. என் எதிரில் இருப்பவன் ஒரு நொடியில் அங்கே போய்விடுவான். எல்லாம் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று குதிப்பு இரண்டானது. பிறகு ஒன்று. இடைவெளி நீண்டுகொண்டே போனது. கடைசியில் மெஷினுடைய கோடு மட்டும் ஆடாமல் நேராக ஓடியது.

"சரியாயிடுச்சாண்ணா?" என்றான் ராபர்ட்.

"ஆயிடுச்சு" என்றேன்.

அவனுக்கு என் வேலை முடிந்ததில் சந்தோஷம். கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தான். இன்ஹேலரை மறக்காமல் கொடுக்கச் சொல்லிவிட்டு அவலூர்பேட்டைக்குக் கிளம்பிப் போனான்.

நான் வழக்கமாகக் கடையைச் சாத்துகிற நேரத்தில்தான் சாத்தினேன். வீட்டில் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுதா சுவிட்ச் போர்டுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் மாஸ்க். ஒரு கை மட்டும் சுவரில் மேலே நீட்டியபடி விறைத்திருந்தது. சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து உடைத்து, மெஷினில் ஊற்றினேன். அது தீருகிறவரைக்கும் பக்கத்தில் இருந்தேன். பிறகு சுவிட்சை அணைத்தேன்.

நீங்கள் எந்தக் கேஸ் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஓர் உதவி செய்யுங்கள். அம்மா வெளியே உட்கார்ந்து, "தனியா கெடந்து செத்தாளே என் பொண்ணு" என்று அழுகிறாள். அதை மட்டும் என்னால் கேட்க முடியவில்லை. நான் சொன்னால் நம்ப மாட்டாள், நீங்கள் போய்ச் சொல்லுங்கள் சார். சுதா தனியாக இல்லை. கடைசி வரைக்கும் நான் அவள் கூடவே இருந்தேன்.