அப்பாவின் கோணல் துப்பாக்கி

"...இல்ல, நான் தெரியாமத்தான் கேக்கறேன் அண்ணே, செஞ்சவன் தன் பேர வெளிய எழுதி வச்சா என்ன கொறஞ்சிடப் போவுது? டிராக்டர்ல பேர் இருக்கு. ரொட்டி சுடற டப்பால பேர் இருக்கு. எங்கப்பாவோட கண்ணாடிக் கண்ணு இருக்குல்ல, அத போட்டு வைக்க ஒரு குட்டி டப்பா. அந்த மூடியிலகூட செஞ்சவன் பேர் தங்க எழுத்துல மின்னுது! இவ்ளோ நீளத் துப்பாக்கி, இதுல ஒரு எழுத்து கெடையாது. குழல் மேல இல்ல, பிடியில இல்ல, பக்கத்துல இல்ல. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். என் மூக்குதான் பெருசா தெரிஞ்சுது."

லைல் டிம்மர்மன் இன்னும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. ஷெரிடன் வட்டாரத்தில் ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கியைத் தடவிப் பார்த்து, இன்னார் செய்தது, இன்ன விலை பெறும் என்று சொல்லக்கூடிய ஆள் ஹால்வர் ஒருவர்தான். அவர் தன் கடை மேஜைமேல் பச்சைக் கம்பளியை விரித்து, அதில் துப்பாக்கியைக் கிடத்தி, மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டார். பேசவில்லை. பேச இடமும் இல்லை.

"நிதானமா பாருங்க. அவசரமில்ல. அவசரம்தான், ஆனா நீங்க அவசரப்படாதீங்க. என் தங்கச்சி வெர்னா டென்வர்லேர்ந்து கெளம்பிட்டா. மத்தியானத்துக்குள்ள வந்துருவா. அவ கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும், இது பெரிய கை செஞ்சது, நல்ல விலை பெறும்னு. சொன்னா டர்னிப் எனக்கு. சொல்லலேன்னா... அத இப்ப ஏன் பேசுவானேன். டர்னிப் யாரா? அதோ பாருங்க, ஜன்னல் வழியா, என் பிக்கப்ல. ஸ்டியரிங் முன்னாடி துரை மாதிரி உக்காந்திருக்கான் பாருங்க, அவன்தான். எங்கப்பா நாய். அப்பாவுக்கு உலகத்துலயே புடிக்காத காய் டர்னிப். அந்தப் பேர ஏன் வச்சாருன்னு கேட்டா, 'கூப்ட்றதுக்குத்தானே, திங்கறதுக்கா'ம்பாரு.

"அப்பா வசந்தத்துல தவறிட்டாரு. அடக்கத்துக்கு வந்திருந்தீங்க போல. மூலையில நின்னீங்க. ஊர்ல அத்தன பேரும் துக்க வீட்டுக்குன்னு ஆளுக்கொரு தட்டு நூடுல்ஸ அடுப்புல சுட்டுக் கொண்டாந்தாங்க, எல்லாத்துலயும் சூரை மீனு! எனக்கு சூரை மீனே ஆகாது அண்ணே. ஃப்ரீஸர் இன்னும் காலியாகல. சாப்பிட வாங்களேன் ஒரு நாள். நெஜமாத்தான்.

"எங்க விட்டேன்? ஆங், டர்னிப் எப்படி அவளோடதாச்சுன்னு. அடக்கம் முடிஞ்ச வாரமே, அப்பா சாமானெல்லாம் பிரிக்க, வெர்னா வட்ட ஸ்டிக்கர் வாங்கிட்டு வந்தா. உங்க வீட்லயும் அப்படித்தானே பிரிச்சிருப்பீங்க? எனக்கு மஞ்சள், அவளுக்குப் பச்சை. மாறி மாறி ஆளுக்கொண்ணு. ஒட்டினா ஒட்டினதுதான். ரெண்டு பேருக்கும் சம்மதம்னாதான் உரிக்கலாம். அம்மா போனப்பவும் இப்படித்தான் பண்ணோம். ஒரு சண்டை இல்ல, அந்த வாஃபிள் சட்டி தவிர. அந்த வாஃபிள் சட்டிக்கு நாங்க மூணு வருஷம் பேசல, அது வேற கதை.

"காசு சுண்டினோம். எனக்கு மொத வாய்ப்பு விழுந்துச்சு. நான் என்ன பண்ணியிருக்கணும்? நேரா நாய்கிட்ட போயிருக்கணும். போனேனா? போகல! ஏன்? கஃபேல காலைலேர்ந்து காப்பிக் கோப்பைய கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கானுங்களே, அவனுங்களாலதான். 'லைல், உங்கப்பன் துப்பாக்கி ஆர்டர் குடுத்து செஞ்சதுடா, ஒரு பிக்கப் விலை பெறும்டா.' ஒருத்தன்கூட அத தொட்டதில்ல! நானும் கேட்டேன் பாருங்க. இன்னொண்ணு, நாய்க்கு ஸ்டிக்கர் ஒட்டலாம்னு எனக்குத் தோணவே இல்ல. நாய் என்ன சாமானா? துப்பாக்கில மஞ்சள ஒட்டிட்டுத் திரும்பறேன், வெர்னா மண்டி போட்டு டர்னிப் கழுத்துப்பட்டைல பச்சைய அமுக்கிட்டு இருக்கா. இவன் வால ஆட்டறான் அண்ணே! பல்ல வேற காட்டறான்!

"அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே ஓடல. என் முறை வந்தப்பல்லாம் எது கைக்கு எட்டுச்சோ அதுல ஒட்டினேன். அப்படி வந்ததுதான் ஒரு பனி அள்ற மெஷின், ரெண்டு தையல் மெஷின், அப்பாவோட கண்ணாடிக் கண்ணு. அத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சொல்லுங்க? அலமாரில வச்சேன், நான் எங்க போனாலும் பாக்குது. திருப்பி வச்சேன், இப்ப அது செவுத்த பாக்குது, எனக்கு பாவமா இருக்கு.

"வெர்னா அவ வீட்டுக்கு வேலி போட்டுட்டு நாய கூட்டிட்டுப் போறேன்னா. நாலு மாசமா அந்த வேலி விழுந்துடணும்னு நான் வேண்டிக்கிட்டேன். நேத்து போன் பண்றா, வேலி ஜோரா இருக்காம். போன மாசமே கேட்டுப் பாத்தேன், துப்பாக்கிய வச்சுக்கிட்டு நாய குடுக்கிறியாம்மான்னு. 'அந்தக் கோணல் துப்பாக்கியா'ன்னா. அப்புறம் சொன்னா, 'அப்பாவோடதுன்னு என் பசங்களுக்குக் காட்ட எனக்கு ஒண்ணு வேணும் லைல். நாயோ துப்பாக்கியோ, ஏதாவது ஒண்ணு. தெரிஞ்சவங்க யாராவது அது நல்ல துப்பாக்கின்னு சொல்லட்டும், பாக்கலாம்.' நல்லவதான் அண்ணே. கோணல்னு சொன்னா பாருங்க, அது மட்டும்தான்... அத விடுங்க. அந்தப் பேச்சு இப்ப வேணாம்.

"அட, என்ன கழட்டறீங்க? திருப்பி மாட்டத் தெரியும்ல?"

ஹால்வர் அடியிலிருந்த இரண்டு திருகாணிகளையும் கழற்றி, மரத்திலிருந்து இரும்பைத் தனியே தூக்கினார். குழலின் அடிவயிற்றைத் துணியால் துடைத்து விளக்கை நெருக்கிப் பிடித்தார். லைல் மேஜைமேல் முக்கால்வாசி ஏறிவிட்டான்.

"என்னது அது? எழுத்தா? அடியிலயா! மரத்துக்குள்ள மறைச்சா எழுதுவான் மனுஷன்? கொ... கொன்ராட் ப்ளெஷ். பில்லிங்ஸ். யாரு அது? அவரா? நீங்களே தேடிட்டிருந்த ஆளா? அண்ணே! உக்காராதீங்க, மொதல்ல நல்ல சேதியா கெட்ட சேதியா சொல்லிட்டு உக்காருங்க. வாங்கறவன நிக்க வச்சு அளவெடுத்தா செய்வாரு? தையக்காரன் மாதிரி தோளு, கழுத்து, கன்னமெல்லாம் அளந்தா? எங்கப்பாவையா? அவரு கோட்டுக்கே அளவு குடுக்க மாட்டாரு, தொங்கறத எடுத்து மாட்டிக்குவாரு. அவரு போய் நின்னாராமா!

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல. கஃபேக்காரனுங்க சொன்னது சரிதான். டேய் டர்னிப்! கேட்டியாடா! ...என்ன அண்ணே? ஏன் அந்த மரக்கட்டைய மட்டும் தடவறீங்க? அங்க ஒண்ணுமில்ல. அது... வேணாம், நகத்தால சுரண்டாதீங்க. மோந்து வேற பாக்கறீங்களா? காப்பி வாசனைதான். அத அப்புறம் சொல்றேன்."

ஹால்வர் மரக்கட்டையை மட்டும் எடுத்து வலது தோளில் வைத்துப் பார்த்தார். கீழே இறக்கினார். பிறகு ஒரு விரலால் காற்றில் மெதுவாக ஒரு வளைவு வரைந்தார். அதே விரலால் தன் வலது தோளைத் தொட்டார். பிறகு இடது கண்ணைத் தொட்டார்.

"என்ன, பாம்பா? வலது தோளு. சரி. இடது கண்ணு. ஏன் இடது கண்ணு? வலது தோள்ல வச்சா வலது கண்ணாலதானே குறி பாப்பாங்க. இடது கண்ணால பாக்கணும்னா மூஞ்சிய கடந்து இந்தப் பக்கம் வர்ற மாதிரி கட்டை நல்லா வளைஞ்சு..."

நிறுத்தினான். கடைக்குள் வந்ததிலிருந்து இதுதான் முதல் முறை. வேலிக் கம்பி அறுந்து அப்பாவின் வலது கண்ணில் அடித்தபோது லைல் கைக்குழந்தை. அந்தக் கண்ணாடிக் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டான். ஆனால் அப்பா சுட்டு ஒரு நாளும் பார்த்ததில்லை. வெடிச் சத்தம் இவனுக்கு ஆகாது. வேட்டைக் காலம் வந்தால் வீட்டில் நாய்களோடு இருந்துவிடுவான்.

"அண்ணே. நான் அது ஈரத்துல கோணிப்போச்சுன்னு நெனச்சேன். சத்தியமா. நீங்களா இருந்தாலும் நெனச்சிருப்பீங்க... நீங்க நெனச்சிருக்க மாட்டீங்க, சரி. அவ கோணல்னுட்டாளே! கோணலா ஒண்ண குடுத்து நாய எப்படி கேக்கறது? கொட்டாய்ல கெட்டில் வச்சு ஆவி காட்டினேன். மரம் இளகிச்சு. கிளாம்ப் போட்டேன், அசையல. அப்புறம் லாரிக்கு வைக்கற ஜாக்கி வச்சேன். தெனம் கொஞ்சம் கொஞ்சமா. ஒரு வாரம் அண்ணே! ஒரு சத்தம் வந்துச்சு, பாதாம்பருப்பு ஒடைக்கற மாதிரி. சின்னதுதான். அந்த விரிசல்ல பசையும் காப்பித்தூளும் கொழைச்சு அப்பி, மேல படகு வார்னிஷ் அடிச்சிட்டேன். எவ்ளோ நேரா ஆயிடுச்சு தெரியுமா? ஸ்கேல் வச்சுப் பாத்தேன். நானே என் முதுகுல தட்டிக்கிட்டேன்.

"அப்ப... மறுபடியும் வளைச்சிட்டா? ஜாக்கி வண்டிலதான் இருக்கு.

"சரி சரி, அப்படிப் பாக்காதீங்க. கேட்டேன், அவ்ளோதான். ஐயோ, அவ வண்டி! அவ வண்டிதான் அது. அண்ணே, மாட்டுங்க, சீக்கிரம் மாட்டுங்க. பொய் சொல்ல வேணாம். ப்ளெஷ் செஞ்சதுன்னு மட்டும் காட்டுங்க, அது நெஜம்தானே? மிச்சத்துக்கு சும்மா இருங்க. அது உங்களுக்குத்தான் நல்லா வருதே!

"வாம்மா வெர்னா, வா. இளைச்சிட்டியே. இவரு ஹால்வர் அண்ணன். அதிகம் பேச மாட்டாரு. பேரு கண்டுபுடிச்சிட்டாரு பாரு, இந்தத் தாள்ல எழுதியிருக்காரு, கொன்ராட் ப்ளெஷ். பெரிய கை. அப்பா போய் நின்னு அளவு குடுத்து வாங்கினதாம். ஆமா, நம்ம அப்பாதான். கையில எடுத்துப் பாரு. கனமா? கொஞ்சம் கனம்தான். ஆமா, நேராத்தான் இருக்கு."

வெர்னா துப்பாக்கியைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றாள். அப்பா அளவெடுக்க நின்றதை நினைத்திருப்பாள். சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். ஹால்வரைப் பார்த்தாள். ஹால்வர் தன் கைத்துணியைப் பார்த்தார். அவள் லைலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, வெளியே நடந்தாள். பிக்கப் கதவைத் திறந்து, டர்னிப்பின் தாடையைத் தூக்கிப் பிடித்து, கழுத்துப்பட்டையிலிருந்த பச்சை ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை நுழைத்தாள். லைல் பின்னாலேயே போய் நின்றான். அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"வெயில்ல கெட்டியா ஒட்டியிருக்கும், மெதுவா எடு. ஆனா நீ கேக்கவே இல்ல பாத்தியா, எப்படி நேராச்சுன்னு. கோணல்னியே, அத நிமித்த நான் பட்ட பாடு! ஆவி காட்டி, ஜாக்கி வச்சு... ஹால்வர் அண்ணனே அசந்துட்டாரு. இந்த மாதிரி கட்டை இன்னொண்ணு கெடையாதாம், அதாவது, நான் நிமித்தற வரைக்கும். அப்பா கண்ணு போனதால இந்தப் பக்கக் கண்ணுக்குன்னே வளைச்சு... அளந்து..."

வெர்னாவின் நகம் அங்கேயே நின்றது.

"இல்ல, நீ எடு. எடும்மா. நான் சும்மா... வெர்னா? அழுவாத. திட்டேன், திட்டிடு. எனக்குப் புரியுது. அப்பாவோடது ஒண்ணு வேணும்னுதான் கேட்ட, அதுல இப்ப அப்பா இல்ல. நிமித்திட்டேன். புரியுது. யாரும் சொல்லல, நானேதான் சொன்னேன். சரி. ஒட்டினா ஒட்டினதுதான். போடா டர்னிப். ஏறு. அவ வண்டிடா, ஏறு."

நாய் யோசிக்கவில்லை. புது வண்டியின் பின்சீட்டில் தாவி ஏறி, இரண்டு பக்க ஜன்னலையும் மோந்து பார்த்தது. வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். லைல் கதவைப் பிடித்தபடி கூடவே நடந்தான்.

"கோழி எலும்பு போடாத. காது ஓரம் சொறிஞ்சா புடிக்கும், இடது காது, வலது இல்ல. அப்புறம், வெர்னா, கண்ணாடிய ஏத்தாத, ஒரே ஒரு விஷயம். இவனுக்கு வெடிச் சத்தம் ஆகாது, இடியும் ஆகாது. எங்க ரெண்டு பேருக்குமே ஆகாது. நடுங்குவான், கட்டிலுக்கு அடியில போயிடுவான். மருந்தெல்லாம் வேணாம். பக்கத்துல உக்காந்து பேசு. என்ன வேணாலும் பேசு, அர்த்தமே வேணாம், பக்கத்து வீட்டுக்காரன திட்டு, வெலவாசிய திட்டு, நூடுல்ஸ திட்டு. நிறுத்தாம பேசணும், அவ்ளோதான். நீ நிறுத்தினாதாம்மா அவனுக்கு இடி கேக்கும்."