கொசு இல்லாத காடு

— நிறுத்து, ஒனலென்னா. யானை, சிங்கமெல்லாம் அப்புறம். முறைன்னு ஒண்ணு இருக்கு. யார் யார் உக்காந்திருக்கோம்னு சொல்லிட்டுத்தான் பேச்சை எடுக்கணும். பொண்ணோட பெரியப்பா கோசியெமாங், நான் இருக்கேன். பொண்ணோட அத்தை சாதின்யானா இருக்கா. பொண்ணு ஒனலென்னா இருக்கா. வேற யாரும் இல்ல.

— கோழி ஒண்ணு உள்ள வந்துச்சே அண்ணே. அதையும் சேத்துக்கோ.

— சாதின்யானா.

— சரி, சரி. வாயை மூடிக்கிட்டேன்.

— அப்பா அடுப்படியிலதானே நிக்கறாரு பெரியப்பா. அவரையும் கூப்பிடலாமே.

— பொண்ணைப் பெத்தவன் கல்யாணப் பேச்சுல உக்காரமாட்டான். டினோகானாவுல நம்ம வீடு நின்ன நாள்லேருந்து அப்படித்தான்.

— இது கல்யாணப் பேச்சே இல்ல பெரியப்பா. ரெண்டு குடும்பமும் மடிக்வே காட்டுல ஒரு விடுதியில தங்கி, மிருகங்களைப் பாத்துட்டு, சிரிச்சுப் பேசிட்டு வரப்போறோம். அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க குடுக்கற சீர் மாடு பேசறது அடுத்த மாசம். இங்க, உங்க முன்னாடி.

— அதுதான் எனக்குப் புரியல. சம்பந்தி வீட்டுக்காரன் முதல் தடவை நம்மளப் பாக்க வர்றான். என் வீட்டுக் கூரை ஒழுகுதா? படுக்கக் கட்டில் இல்லையா? எதுக்கு என்னைக் காட்டுல ஒரு கூடாரத்துல படுக்கச் சொல்றான்?

— பேருக்குத்தான் கூடாரம் அண்ணே. படம் காமிச்சாளே. உள்ளயே குளிக்கற தொட்டி இருக்கு. உன் வீட்டுல இருக்கா?

— என் வீட்டுல மானம் இருக்கு.

— பெரியப்பா, இது என்னைக் கட்டிக்கப்போற ட்ஷியாமோவோட அம்மா ஆசைப்பட்டுக் கேட்டது. மஹிகெங்லயே பொறந்து வளந்தும் ஒரு யானையைக்கூடப் பாத்ததில்லையாம். இப்போ பாத்தே ஆகணும்னு நிக்கறாங்க.

— யானைக்கும் சம்பந்தத்துக்கும் என்ன? சரி, இதைச் சொல்லு. யார் யாரை அழைக்கிறாங்க? நாம அவங்களுக்கு விருந்தாளியா, அவங்க நமக்கு விருந்தாளியா?

— ரெண்டு பேருமே விடுதிக்கு விருந்தாளி.

— அப்போ ஆட்டை யாரு அறுக்கறது?

— யாரும் அறுக்க வேண்டாம். அங்க சமையல்காரங்க இருக்காங்க.

— கேட்டியா சாதின்யானா. சம்பந்தி வர்றான், ஆடு அறுக்க ஆளில்ல.

— அறுத்தது தட்டுலயே வந்துடுமாம் அண்ணே. நமக்குத் தோல் உரிக்கற வேலை மிச்சம்.

— அந்தக் காட்டு வாசல்ல காவல்காரன்கிட்ட நான் என் பேரைச் சொல்லி உள்ள போகணுமா? அந்த நிலத்துல எங்கப்பா மாடு மேச்சிருக்காரு. அப்போ அங்க வாசலே கிடையாது.

— பேரை நான் சொல்லிக்கறேன் பெரியப்பா. நீங்க வண்டியில உக்காந்திருந்தாப் போதும். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சிடறேன். போய்ச் சேந்த அன்னிக்கு சாயங்காலம் வெளியில நெருப்பு மூட்டி, அதைச் சுத்தி உக்காந்து சாப்பாடு. சோளக்களி, கீரை, குடு மான் இறைச்சி...

— நிறுத்து. மாப்பிள்ளை வீடு என்ன குலம்?

— ரோலாங். குடு மான் குலம்.

— குடு மான் குலத்துக்காரன் தட்டுல குடு மான் கறியா? அவன் பாட்டனைச் சுட்டு அவனுக்கே பரிமாறுவியா?

— ஐயோ. எனக்குத் தோணவே இல்ல பெரியப்பா. மாட்டுக்கறியா மாத்தச் சொல்லிடறேன்.

— இதுக்குத்தான் முறைன்னு ஒண்ணு இருக்குங்கறேன்.

— நம்ம குலத்துக்கு என்ன ஏற்பாடுன்னு கேளு அண்ணே.

— அத்தை, அதை எதுக்கு இப்போ இழுக்கறீங்க?

— என்ன அது?

— அது வந்து பெரியப்பா... அங்க பபூன் குரங்குத் தொல்லை கொஞ்சம் ஜாஸ்தி. விரட்டறதுக்கு ஒவ்வொரு அறையிலயும் ஒரு கவண் வெச்சிருப்பாங்க.

— நாம பபூன் குலம். என் அறையில கவண் இருக்கக் கூடாது.

— அப்புறம் உங்க பழத்தைத் தூக்கிட்டுப் போயிடும்.

— போகட்டும். பெரியவங்க எடுத்துக்கிட்டா கேக்கறதுக்கு நான் யாரு?

— அண்ணே, அது உன் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கிட்டாலும் இதையே சொல்லணும். நான் பாக்கத்தான் போறேன்.

— மிருகம் பாக்கப் போற வண்டியில உக்கார்றதையும் சொல்லிடறேன். மேல மூடாத வண்டி. பின்னாடி போகப் போக சீட் உயரமா இருக்கும். உங்களுக்குக் கடைசி சீட்டு, எல்லாரையும்விட உயரம்.

— கடைசின்னா எல்லாருக்கும் பின்னாடியா?

— பின்னாடி. ஆனா உயரம்.

— முன்னாடி யாரு?

— வண்டி ஓட்டற பையனுக்குப் பக்கத்துல ட்ஷியாமோவோட மாமா.

— அவன் முதுகைப் பாத்துக்கிட்டு நான் வரணுமா?

— சிங்கத்தைப் பாத்துக்கிட்டு வாயேன் அண்ணே. அதுக்குத்தானே போறது.

— எதுக்குப் போறோம்னுதான் எனக்கு இன்னமும் விளங்கல. இவ்வளவு குழப்பம் எதுக்கு? லிம்போபோ பக்கம் ஆத்தங்கரைக் காட்டுல நம்ம ட்லாலாதான் வாசல் காவலுக்குத் தலைவன். நான் போய் நின்னா எந்திரிச்சு நின்னு கதவைத் திறப்பான். நம்ம ஆள் இருக்கற இடம். அங்க போகலாம்னு போன வாரமே சொன்னேன்.

— அங்க மலேரியா இருக்கு பெரியப்பா. மடிக்வேல கிடையாது. ட்ஷியாமோ வீட்டுல அது ஒண்ணைத்தான் கண்டிப்பாக் கேட்டாங்க.

— இது ஜூன் மாசம், நடுக் குளிர்காலம். பல்லு கிட்டிப்போற குளிர். கொசுவே போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கும்.

— இருந்தாலும்.

— பயமா இருந்தா மாத்திரை போட்டுக்கிட்டுப் போறது.

— மாத்திரையும் போடக் கூடாது.

— யாரு போடக் கூடாது?

— பொதுவாச் சொன்னேன் பெரியப்பா.

— பொதுவா யாரும் எதையும் சொல்றதில்ல. வேலி இல்லாத விடுதியில, வாசப்படிக்குப் பக்கத்துல சிங்கம் நடக்கற இடத்துல படுக்கத் துணிஞ்சவங்க, ஒரு கொசுவுக்குப் பயப்படறாங்க. எனக்கு இது கணக்கு உதைக்குது. கூட்டத்துல கைக்குழந்தை ஏதாவது வருதா?

— இல்ல.

— கேட்டியா சாதின்யானா.

— கேட்டேன். டீ ஆறுது, குடி.

— கைக்குழந்தை இல்லேன்னா அந்த மாத்திரை வேற யாருக்கு ஆகாது?

— உனக்கே தெரியும். நீதானே கிளினிக் வாசல்ல நின்னுக்கிட்டு, உள்ள இருக்கறவங்க காதுல விழற மாதிரி கேட்டுட்டு வந்தே. ஊரே திரும்பிப் பாத்துச்சு.

— தெரியாததைக் கேக்கறதுல என்ன தப்பு?

— தப்பில்ல. மறுநாளே கடையில ஒருத்தி என்னைப் பிடிச்சுக்கிட்டா. உங்க ஒனலென்னாவுக்கு எப்போன்னு கேட்டா.

— அத்தை. நீங்க என்ன சொன்னீங்க?

— உப்பு எங்க இருக்குன்னு கேட்டேன். வேற என்ன சொல்ல? எனக்கே ஒண்ணும் தெரியல.

— பெரியப்பா, நீங்க என்னதான் நினைக்கறீங்க?

— இதை உன்கிட்ட நான் கேக்கறது முறை இல்ல. சாதின்யானா, நீ கேளு.

— எதை அண்ணே?

— உனக்குத் தெரியும்.

— நீ வாயால சொல்லு. அப்புறம் நான் ஒண்ணைக் கேட்டு, நீ நினைச்சது வேறேன்னு என்னைத் திட்டுவே.

— சரி. நான் வேற விதமாக் கேட்டுக்கறேன். ஒனலென்னா, அத்தை சுட்டு வெச்ச மாவுருண்டையை வந்ததுலேருந்து நீ ஏன் தொடல?

— எண்ணெய் வாடை. பஸ்ஸுல வந்தது இன்னும் குமட்டிக்கிட்டே இருக்கு.

— கேட்டியா.

— எனக்கும் பஸ்ஸுல குமட்டும் அண்ணே. என்னையும் சந்தேகப்படு.

— எந்திரி ஒனலென்னா. பின்னாடி பட்டியில செவலை கன்னு போட்டிருக்கு. உள்ள போய்ப் பாத்துட்டு வா.

— இப்பவா?

— இப்பவே. கிட்டப் போய், தொட்டுப் பாத்துட்டு வா.

— மாட்டுப் பட்டிக்குள்ள நான் போகமாட்டேன் பெரியப்பா. சின்ன வயசுல என்னை முட்டித் தள்ளிச்சே, மறந்துட்டீங்களா? நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க.

— சிங்கம் பாக்கப் போறவளுக்கு மாட்டுக்குப் பயம்.

— சிங்கத்தை வண்டியிலேருந்து பாப்பேன். மாட்டுக்கு வண்டி கிடையாதே.

— சாதின்யானா, நம்ம ஊருல பட்டிக்குள்ள காலடி வைக்காத பொம்பளை யாரு?

— வயித்துல பிள்ளை இருக்கறவ. மாட்டுக்கு ஆகாதும்பாங்க. ஓ. அதுக்கா கன்னைப் பாக்கச் சொன்னே? நான் நிஜமாவே கன்னு போட்டிருக்குன்னுல்ல நினைச்சேன்.

— போட்டிருக்கு. நான் பொய் சொல்றதில்ல.

— பெரியப்பா, ஒரு கன்னுக்குட்டியை வெச்சு என்னைச் சோதிக்கறீங்களா?

— நான் கூட்டிப் பாக்கறேன். மலேரியா இல்லாத இடம்தான் வேணும். மாத்திரை ஆகாது. படி ஏறாத அறை ஒண்ணு வேணும். கறி கரையக் கரைய வெந்திருக்கணும். ஒருத்தர் மட்டும் வண்டியில வரமாட்டாங்க, குலுங்கும், விடுதியிலயே நாற்காலி போட்டுத் தண்ணிக் குட்டைக்கு வர்ற யானையைப் பாத்துக்குவாங்க. இதெல்லாம் ட்ஷியாமோ விடுதிக்காரங்ககிட்ட சொன்னது. நீயேதான் போன வாரம் எனக்குப் படிச்சுக் காமிச்சே. அந்த ஒருத்தர் யாரு?

— சொல்ல முடியாது.

— ஏன்?

— ட்ஷியாமோவுக்கு வாக்கு குடுத்திருக்கேன். அவங்க வீட்டுல சொல்ற வரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாது.

— அவங்க வீட்டுல சொல்ல என்ன இருக்கு? பொண்ணு நம்ம வீட்டுப் பொண்ணு.

— பெரியப்பா, தயவுசெஞ்சு இத்தோட விடுங்க. அங்க போனா எல்லாம் தானா சரியாகும். அதுக்குத்தான் அங்க போறதே.

— என்ன சரியாகும்? யாருக்கு? அண்ணே, எனக்கு இப்போ நிஜமாவே தலை சுத்துது. மாத்திரை எனக்கே ஒண்ணு வேணும்.

— விட முடியாது. நான் நேத்தே மாப்பிள்ளையோட மாமாவுக்குப் போன் பண்ணிட்டேன்.

— என்னது?

— இந்த மாதிரி, எங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு, வயித்துல ஒண்ணு இருக்கறதை மறைச்சுக்கிட்டு எங்களைக் காட்டுக்குக் கூப்பிடறீங்க, சீர் மாடு பேசறதுக்கு முன்னாடி இதுக்கு ஒரு தண்டம் உண்டு, அதுதான் முறை, அதைக் குடுங்கன்னு சொன்னேன்.

— அவர் என்ன சொன்னாரு?

— ஐயா, எங்க வீட்டு விஷயம் உங்க காது வரைக்கும் வந்திருக்கக் கூடாது, நாங்க வெக்கப்படறோம், மன்னிக்கணும்னான். பெரிய மனுஷனாப் பேசறானேன்னு பாத்தேன். அடுத்த வார்த்தையே, ஆனா தண்டம் உங்களுக்கு எதுக்குன்னுதான் புரியலைன்னான். திமிரைப் பாரு. தப்பை ஒத்துக்கறான், தண்டம் எதுக்குங்கறான்.

— ஐயோ, பெரியப்பா.

— நான் விடல. பிள்ளை யார் வீட்டுப் பேர்ல வளரும்னு கேட்டேன். எங்க வீட்டுப் பேர்லதான், வேற யார் பேர்ல வளரும்னான். அப்போ மாட்டை அவுத்துக்கிட்டு வந்து என் பட்டியில கட்டுன்னேன். போனை வெச்சுட்டான்.

— அண்ணே, அவன் வெச்சானா, நீ வெச்சியா?

— அவன் வெச்சான். என்னை மதிக்காம வெச்சான்.

— இதுதானா. காலையிலேருந்து ட்ஷியாமோ என் போனை எடுக்கல. அவன் தங்கச்சிதான் செய்தி அனுப்பினா. அவங்க அம்மா கதவைச் சாத்திக்கிட்டு அழறாங்களாம். விடுதியும் வேண்டாம், இந்தச் சம்பந்தமும் வேண்டாம், அந்த ஊருக்காரங்க மூஞ்சியில இனிமே எப்படி முழிப்பேன்னு சொல்றாங்களாம். எனக்கு ஒண்ணும் புரியாம, எப்படியாவது இந்தப் பயணத்தைக் காப்பாத்தணும்னு பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வந்தேன்.

— அந்தம்மா எதுக்கு அழணும்? வர்ற மருமகமேல இப்பவே கோவமா?

— கோவம் இல்ல பெரியப்பா.

— பின்ன? மகன் பண்ணினதுக்கு நம்மள வேண்டாம்பாங்களா? இங்க பாரு ஒனலென்னா. நான் கோவத்துல போன் பண்ணல. நாளைக்கு அந்த வீட்டுல ஒருத்தி எந்திரிச்சு, முறைப்படி வந்தவளா நீன்னு உன்னைக் கேட்டுடக் கூடாது. அந்தத் தண்டத்தை வாங்கிட்டா அப்புறம் ஒருத்தனுக்கும் வாய் கிடையாது. நடந்தது நடந்துபோச்சு. உன் தலை குனியறதுக்கு நான் விடமாட்டேன்.

— என் தலை குனியல பெரியப்பா.

— அண்ணன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. வாக்காவது ஒண்ணாவது, சொல்லித் தொலை பொண்ணே. கல்யாணமே நிக்கப்போகுது.

— கேக்கக் கூடாததை நானே கேக்கறேன். கடையில பேசறாங்க, கிளினிக்ல பேசறாங்க, நான் சம்பந்தி வீட்டுலயும் பேசிட்டேன். நேராச் சொல்லு. நீ மாசமா இருக்கியா, இல்லையா?

— நான் மாசமா இல்ல பெரியப்பா. மாசமா இருக்கறது என் மாமியார்.