என் கேமராவின் சிவப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிக் கண்கலங்கி அமர்ந்த தொழில் தோழர்கள் இருவரே, முன்வரிசையில் இருக்கும் அண்ணியே, மகளே, நாற்காலி போதாமல் கேமராப் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் செயலாளர், படத்தொகுப்பாளர், நாம் துண்டு துண்டாகக் கொண்டுபோய்க் கொட்டியதை எல்லாம் ஒட்டுத் தெரியாமல் சேர்த்துக் கொடுத்ததால் ‘தையல்காரர்’ என்று பெயர் வாங்கிய அண்ணன் இன்று நம்மோடு இல்லை. அவரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். புகழ்வேன். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டுப் புகழ எனக்கு வாய் வரவில்லை. இந்த மனிதர் என்னை ஏமாற்றிவிட்டார்.

முணுமுணுக்க வேண்டாம், உட்காருங்கள். இறந்தவரைப் பற்றி இப்படிப் பேசக்கூடாது என்று எனக்கும் தெரியும். அவர் உயிரோடு இருந்திருந்தால் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டிருப்பேன். இப்போது நான் எங்கே போவேன்?

தொழில் தெரியாத உறவினர்களும் வந்திருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். ஒரு விழாவை மூன்று பேர் படம் எடுப்போம். மூன்றும் எச்.டி. கேமராதான். ஆனால் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வயது. ஒன்றில் முகம் நீலம் பாய்ந்திருக்கும், ஒன்றில் பச்சை தட்டும். ஒன்று நொடிக்கு இருபத்தைந்து படம் பிடிக்கும், இன்னொன்று முப்பது பிடிக்கும். அப்படியே ஒட்டினால் நடந்து வருகிறவர் விக்கல் வந்தவர்போல் நடப்பார். ஆகவே தொகுப்பாளர் ஒரு கேமராவை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதன் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

இது சாதாரண வேலையா? ஒரு பள்ளியின் கால்பந்துப் போட்டியை நானும் எனக்கு முன்னால் பேசிய இந்தத் தோழர்கள் இருவரும் எடுத்தோம். ஒரே அணியின் சட்டை மூன்று கேமராவில் மூன்று நிறம். நிறம் திருத்துவதற்கு முன் சும்மா ஒட்டி வைத்த படத்தைப் பார்த்த தலைமையாசிரியர், “என்னங்க இது, எங்க பசங்க எதிர் டீமுக்கே பந்தைக் குடுக்கறாங்க?” என்று கேட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. மறுபடி அந்தப் படம் வந்தபோது பதினொரு பேரும் ஒரே அணியில் இருந்தார்கள். அதைச் செய்தவர் யார்? நம் அண்ணன். அதற்காக மேடையேறி மாலை வாங்கியவர்கள் யார்? நாங்கள்.

எனக்கு ‘முக்காலி’ என்று பட்டப்பெயர் வைத்த அந்த அண்ணன் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? “டேய் முக்காலி, உன் கேமராதான்டா அடிப்படை. மத்த ரெண்டையும் உன் கலருக்குத்தான் இழுத்துட்டு வர்றேன்.” ஒருமுறை அல்ல, ஒவ்வொரு வேலையிலும் சொன்னார். நான் நம்பினேன். மற்றவர்கள் கேமராவை மாற்றியபோது நான் மாற்றவில்லை. என் படம் சிவப்படிக்கிறது என்று ஒரு ஸ்டுடியோக்காரர் சொன்னபோது, உங்கள் டிவியைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஸ்டுடியோ அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. எந்தத் தைரியத்தில் சொன்னேன்? அண்ணன் வார்த்தையின் தைரியத்தில்.

இதோ இருக்கும் அண்ணன் மகளின் கல்யாணத்தை நாங்கள் மூவரும் எடுத்தோம். படத்தைப் பாதியில் வைத்துவிட்டு அண்ணன் போய்விட்டார். “சித்தப்பா, நீங்க முடிச்சுக் குடுங்க, அப்பா செஞ்ச மாதிரியே” என்று மகள் கேட்டாள். போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். என் காட்சிகள் ஒவ்வொன்றின் மேலும் திருத்தம். சிவப்பைக் குறை, இன்னும் குறை. ஒன்றுகூட நான் எடுத்த நிறத்தில் இல்லை. பழைய வேலைகளையும் திறந்தேன். எல்லாவற்றிலும் அதே கதை.

அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணி அசரவே இல்லை. “உங்க கேமரா எப்பவும் செவப்புதானே தம்பி? அவர் திட்டிக்கிட்டேதான் சரி பண்ணுவார். கடைசியா என்னைக் கூப்பிட்டு, இந்த முகம் இந்த நிறந்தானேன்னு கேப்பார். நான் ஆமான்னா விட்டுருவார்.”

“அப்போ யார் கேமரா அண்ணி அடிப்படை?”

“யாருதும் இல்ல. சொன்னா நீங்க மூணு பேரும் ஒரே மண்டபத்துல நிப்பீங்களா?”

அண்ணிக்கும் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் நான் குடித்த டீக்குக் கணக்கில்லை. ஒரு டீயோடாவது சேர்த்துச் சொல்லியிருக்கக்கூடாதா?

சற்று முன் இந்த ஒலிபெருக்கியில் பேசிய தோழர்கள் இருவரும் என்ன சொன்னார்கள்? “என் கேமராவைத்தான் அண்ணன் அடிப்படையாக வைத்தார், அது எனக்குக் கிடைத்த விருது” என்றார் ஒருவர். அடுத்தவரும் அதையே சொன்னார். இருவரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

முதலில் பேசிய தோழர் ஏதோ சொல்ல வருகிறார். சொல்லுங்கள். “அப்போ என்னோடதும் பொய்யாய்யா?” என்று கேட்கிறார். ஆமாம் தோழரே, பொய்தான். உங்கள் கேமரா பச்சை அடிக்கிறது. பக்கத்தில் இருப்பவருடையது நீலம். வருத்தப்படாதீர்கள், அண்ணன் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

நாம் அடித்துக்கொள்ளக்கூடாது என்று செய்தார் என்கிறார் அண்ணி. காரணம் புரிகிறது. ஆனால் என் குறையை என்னிடம் சொல்லாமல் திருத்திக்கொண்டே இருந்தவர், நான் திருந்துவேன் என்று ஒருநாளும் நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? அதுதான் எனக்கு வலிக்கிறது.

இன்னும் ஒன்று. அந்தக் கல்யாணப் படத்தில் அண்ணன் வெட்டி ஒதுக்கிப் போட்டிருந்த காட்சி ஒன்று இருக்கிறது. நான் எடுத்தது. மகள் மேடைக்கு வருகிறாள். வாசலருகே நிற்கும் அண்ணன் மகளைப் பார்க்காமல் என் கேமராவையே பார்க்கிறார். பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து விரித்து இரண்டு கையாலும் உயர்த்திப் பிடிக்கிறார். வெள்ளையைக் காட்டிக் கேமராவின் நிறத்தைச் சரிசெய்வது நம் தொழிலில் முதல் பாடம். மகள் கல்யாணத்தில்கூட அதைத்தான் எனக்குக் காட்டியிருக்கிறார். நான் என்ன செய்தேன்? சந்தோஷத்தில் ஆட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினேன்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் அண்ணா. அத்தனை பேச்சு பேசுவீர்களே.

மகளே, அண்ணியே, இந்தச் சபையின் முன் உறுதி சொல்கிறேன். படத்தை நான் முடித்துத் தருகிறேன். அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எல்லா முகத்தையும் அதனதன் நிறத்துக்குக் கொண்டுவருவேன். அண்ணனின் வேலையை நாங்கள் மூவரும் சேர்ந்து தொடர்வோம். அவர் சொன்ன பொய்யைத் தொடர மாட்டோம். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வோம், அடித்துக்கொண்டாலும் சரி.

ஒதுக்கிப் போட்ட அந்தக் காட்சியை மட்டும் படத்துக்குள் திரும்ப வைப்பேன், திருத்தாமல். அதில் கைக்குட்டை ரோஸ் நிறத்தில்தான் தெரியும். யார் எடுத்தது இவ்வளவு சிவப்பாக என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டுங்கள். அண்ணன் என்னை யாரிடமும் காட்டாமலே போய்விட்டார்.